பள்ளியை மூடினால் போதுமா?

மலேசியாவுக்குக் கோடைக்காலம் கிடையாது என்று பாடநூலில் படித்திருக்கிறோம். ஆனால், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பெர்லிஸ், கெடா மாநிலங்களில் இருப்பவர்களைக் கேட்டால் வேறு பதில் வரும். வடக்கில் ஆண்டின் தொடக்கம் மழை குறைந்த காலம். மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அதோடு எல் நினோவும் சேர்ந்துகொண்டால் மேகமும் மழையும் மேலும் குறைகின்றன. நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 40.1 டிகிரி செல்சியஸ். அது 1998 ஏப்ரல் 9ஆம் தேதி, பெர்லிஸின் சுப்பிங்கில், ஓர் எல் நினோ காலத்தில் பதிவானது.

2016 ஏப்ரலில் மீண்டும் அதே நிலை. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டியதால் பெர்லிஸ், கெடா பள்ளிகள் மூடப்பட்டன. அது சரியான முடிவுதான். வெப்பநிலை எந்த அளவை எட்டினால் திடல் நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும், எப்போது பள்ளியை மூட வேண்டும் என்பதற்கெல்லாம் இன்று நம்மிடம் வழிமுறை இருக்கிறது.

ஆனால், பள்ளி மூடப்பட்ட நாளில் அந்த மாணவர்களின் பெற்றோர் என்ன செய்வார்கள்? கட்டுமானத் தளத்திலும், செம்பனைத் தோட்டத்திலும், சாலையோரத்திலும் வேலை வழக்கம்போல் நடக்கும்.

வானிலைத் துறை அறிவிக்கும் வெப்பநிலை நிழலில் அளக்கப்படுவது. வெயிலில் நிற்பவரின் உடல் அதைவிட அதிகமாகச் சூடேறுகிறது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. நம் நாட்டைப் போல ஈரப்பதம் மிகுந்த இடத்தில் வியர்வை வழிகிறதே தவிர எளிதில் ஆவியாவதில்லை. இந்த நிலையில் ஓய்வின்றி உழைத்தால் மயக்கம் வரும். முற்றினால் வெப்பத் தாக்கத்தால் உயிரே போகலாம்.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? தொழிலாளரின் பாதுகாப்பை உறுதிசெய்வது முதலாளியின் பொதுவான கடமை என்கிறது 1994ஆம் ஆண்டுச் சட்டம். வேலையிட வெப்பம் குறித்து 2016இல் ஒரு வழிகாட்டியும் வெளியானது. ஆனால் வழிகாட்டி என்பது அறிவுரை மட்டுமே. உடனடி ஆபத்து இருந்தால் வேலையிடத்தை விட்டு விலகும் உரிமை, 2024 ஜூன் முதல் நடப்பில் உள்ள சட்டத் திருத்தத்தில் இருக்கிறது. நாள்கூலிக்கு உழைப்பவரோ அந்நியத் தொழிலாளரோ அந்த உரிமையைத் துணிந்து பயன்படுத்துவாரா?

அண்டை நாடான சிங்கப்பூர் 2023 அக்டோபரில் இதை எண்களில் எழுதி வைத்தது. அங்கே காற்றின் ஈரப்பதத்தையும் வெயிலின் தாக்கத்தையும் சேர்த்து அளக்கும் குறியீடு ஒன்று பயன்படுகிறது. அது 32 டிகிரியை எட்டினால், கடின உடலுழைப்பில் இருப்போருக்கு ஒவ்வொரு மணி நேரமும் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும். யாரும் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை.

வேலை தாமதமாகும், செலவு கூடும் என்று குத்தகையாளர்கள் சொல்லக்கூடும். நம் தாத்தா பாட்டிகள் பால்மரம் வெட்ட இருட்டோடு கிளம்பியது எதற்காக? வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதற்காக. மரத்துக்காக வேலை நேரத்தை மாற்றத் தெரிந்த நாட்டுக்கு, மனிதனுக்காக மாற்றத் தெரியாதா?

கேட்க வேண்டியது இதுதான்: வெப்ப எச்சரிக்கை நாட்களில் நிழல், குடிநீர், ஊதியம் பிடிக்கப்படாத ஓய்வு ஆகிய மூன்றும் சட்டமாக வேண்டும். முதலாளி என்று யாரும் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுவரும் இளைஞர்களையும் அது காக்க வேண்டும்.

மாணவர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. எச்சரிக்கை விடுத்த நாளில், கல்லூரி உணவகம் நூறடியில் இருக்க, பிற்பகல் 2 மணிக்குத் திறன்பேசியில் மதிய உணவை வரவழைப்பதைத் தவிர்க்கலாம். நம்மில் பொறியியல் படிப்பவர்கள் நாளை கட்டுமானத் தளங்களை நிர்வகிக்கப் போகிறவர்கள். சட்டம் வரும்வரை, "பத்து நிமிடம் நிழலில் உட்காருங்கள்" என்று சொல்லும் அதிகாரம் அவர்கள் கையில் இருக்கும். அதைச் சொல்லப் பழக வேண்டும்.