வழிபாடும் இரசனையும்
ஸ்டீவ் ஹக்கெற்றின் இரசிகர்களை முன்வைத்து

ஒரு கலைஞனைப் போற்றுவோர் அவனது கலையை அறிந்தே போற்றுகின்றனர் என்பது பொதுவாக எவரும் ஐயுறாது ஏற்கும் கருத்தாகும். இக்கருத்து எத்துணை பலவீனமானது என்பதற்கு ஆங்கில றொக் இசையுலகிலே ஸ்டீவ் ஹக்கெற் என்னும் கித்தார்க் கலைஞரைச் சூழ்ந்து நிற்கும் இரசிகர் கூட்டம் தக்க சான்று. 1950 இல் இலண்டனிற் பிறந்த ஹக்கெற், 1971 முதல் 1977 வரை ஜெனிசிஸ் என்னும் குழுவில் வாசித்தவர். குழுவை விட்டு விலகிய பின்னர் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக ஓய்வின்றி இசைத்தட்டுகளை வெளியிட்டு வருபவர். ஆறேழு ஆண்டுகள் ஒரு பக்கம், அரை நூற்றாண்டு மறுபக்கம். இரசிகரின் தராசில் எத்தட்டுத் தாழ்கின்றது என்பதே இங்கு எழும் வினா. அது முன்னைய தட்டே என்பதை நிறுவ நீண்ட ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை.

இவ்விசை வகைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தமிழில் ‘முற்போக்கு றொக்’ என்று பெயர்ப்பின் ஈழத்து வாசகன் வேறெதையோ நினைத்துவிடக்கூடும். ஈழத்து விமர்சன மரபிலே அச்சொல்லுக்கு வர்க்கச் சார்பான ஒரு கருத்துண்டு. இங்கோ அது வடிவம் பற்றியது மட்டுமே. மூன்று நிமிடப் பாட்டு என்னும் சட்டகத்தை உடைத்து, மேலைச் செவ்வியல் இசை, ஜாஸ், நாட்டாரிசை ஆகியவற்றிலிருந்து பெற்றவற்றைக் கொண்டு றொக் இசையை முன்னோக்கிச் செலுத்துவதே 1960களின் பிற்பகுதியில் இவ்வகையினர் மேற்கொண்ட முயற்சியாகும். ஹக்கெற்றும் அந்நோக்குடனேயே வந்தார். 1970 இன் இறுதியில் இலண்டன் இசைப் பத்திரிகையொன்றில் அவர் வெளியிட்ட விளம்பரம், தேங்கிக் கிடக்கும் இசை வடிவங்களைக் கடந்து செல்லத் துணிந்த சக இசைஞரைத் தேடுவதாக அமைந்தது. அதனைக் கண்டே ஜெனிசிஸ் குழுவின் பாடகர் பீற்றர் கேப்றியல் அவருடன் தொடர்பு கொண்டார். தேக்கத்தை வெறுத்து விளம்பரம் செய்த அந்த இளைஞனை முதுமையிலே ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருப்பவர்கள் அவரை நேசிப்பதாகக் கூறுவோரே என்பது கசப்பான முரண்.

‘ஃபேர்த் ஒஃப் ஃபிஃப்த்’ என்னும் பாடலை எடுத்துக்கொள்ளலாம். 1973 இல் வெளிவந்த ‘செல்லிங் இங்கிலாந்து பை த பவுண்ட்’ என்னும் இசைத்தட்டில் இடம்பெற்ற ஒன்பதரை நிமிடப் படைப்பு இது. இதன் பிற்பகுதியில் வரும் தனிக் கித்தார் வாசிப்பே ஹக்கெற்றின் பெயரைச் சொன்னதும் இரசிகர் வாயில் முதலில் வருவது. உலகின் மிகச் சிறந்த கித்தார் வாசிப்பு இதுவே என்று அடித்துக் கூறுவோரும் உளர். கூறட்டும். ஆயின் அவ்வாறு கூறுவோருட் பலர், அந்த மெட்டு ஹக்கெற்றினது அன்று, விசைப்பலகைக் கலைஞர் ரோனி பாங்ஸினது என்பதைக் கேட்டதும் முகம் சுளிக்கின்றனர். தம் தெய்வத்தின் கிரீடத்திலிருந்து ஒரு மணியை யாரோ பறித்துவிட்டாற்போல அவர்களுக்குத் தோன்றுகின்றது. உண்மையில் ஹக்கெற்றின் பெருமை அவ்விடத்திலேயே தொடங்குகின்றது. அதே மெட்டு அப்பாடலிலேயே முன்னர் ஒருமுறை கேப்றியலின் புல்லாங்குழலில் வந்துவிடுகின்றது. அங்கே அது எளிமையான, சிறிது சோகம் தோய்ந்த ஒரு நாட்டுப்புறக் கானம்போல ஒலித்து மறைகின்றது. சில நிமிடங்களின் பின் அதனையே கித்தார் எடுக்கும்போது கேட்போன் முன் விரிவது வேறோர் உலகம். ஒரு சுரத்தை மீட்டிவிட்டு அது தானாகத் தேய்ந்து மடிய விடாமல், ஒலிபெருக்கியின் துணையுடன் நீள நிறுத்தி, வயலினில் வில்லிழுப்பது போன்ற ஓர் இழுவையை ஹக்கெற் அதிலிருந்து பெறுகின்றார். அச்சுரம் நிற்கும் வரை பின்னணியில் சுருதிக் கூட்டுகள் ஒவ்வொன்றாக மாறிச் செல்ல, மாறாத ஒன்றே மாறுவதுபோல் தோன்றுகின்றது.

இங்கு வேகம் இல்லை, விரல் வித்தை இல்லை. பிறர் தந்த மெட்டொன்றுக்கு உயிர் எங்கே இருக்கின்றது என்று கண்டுகொண்ட செவி இருக்கின்றது. ஆக்கியோன் யார் என்ற வழக்கை நடத்துவோர்க்கு இது கேட்பதில்லை. அக்காலத்து ஜெனிசிஸ் இசைத்தட்டுகளிற் படைப்புகள் யாவும் குழுவினர் அனைவர் பெயரிலும் பொதுவாகவே அச்சிடப்பட்டன. தனித்தனிப் பெயர் குறிக்கும் வழக்கம் கேப்றியல் விலகிய பின், 1976 இல் வந்த இசைத்தட்டிலிருந்தே தொடங்கிற்று. ஐவர் தாமாகவே பொதுவில் வைத்த சொத்தை இரசிகர் கூடிப் பாகப்பிரிவினை செய்ய முற்படுவதை என்னென்பது!

இரசிகரின் இரண்டாவது வழக்கு இன்னும் வேடிக்கையானது. கித்தாரின் கழுத்துப் பகுதியிலே வலக்கை விரல்களாலும் தந்தியைத் தட்டி ஒலியெழுப்பும் முறையொன்று உண்டு. 1978 இல் எடி வான் ஹேலன் வாசித்த ‘இறப்ஷன்’ அம்முறையை உலகப் புகழ் பெறச் செய்தது. இம்முறையை ஹக்கெற் 1971 இலேயே ‘நேசறி கிறைம்’ இசைத்தட்டிற் கையாண்டுவிட்டார். ஆகவே கண்டுபிடித்தவர் அவரே என்பது இரசிகர் கட்சி. 1971 இற் கையாண்டார் என்பது உண்மை. ‘த றிற்றேர்ன் ஒஃப் த ஜயன்ற் ஹோக்வீட்’ பாடலைக் கேட்கும் எவரும் அறியலாம். ஆயின் கண்டுபிடித்தவர் என்பது எங்ஙனம் பொருந்தும்? அமெரிக்கரான ஜிம்மி வெப்ஸ்ரர் இரு கைகளாலும் தந்தியைத் தட்டி வாசிக்கும் முறைக்கு 1950களின் தொடக்கத்திலேயே பயிற்சி நூல் எழுதியுள்ளார். றோய் ஸ்மெக் என்பவர் அதற்கும் முன்னரே உக்குலேலியில் இவ்வாறு தட்டி வாசித்தார். இத்தாலிய மருத்துவர் விற்றோறியோ கமர்தேசே 1965 இல் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் வாசித்துக் காட்டியிருக்கின்றார். முதன்மைக்காக வாதாடத் தொடங்கினால் அவ்வாதம் ஹக்கெற்றோடு நின்றுவிடாது. அவரையும் கடந்து பின்னே போய்க்கொண்டேயிருக்கும்.

இதில் வருந்தத்தக்கது வரலாற்றுப் பிழை அன்று. வரலாற்றுப் பிழையைத் திருத்திவிடலாம். அம்முறையை ஹக்கெற் எதற்காகக் கையாண்டார் என்ற வினாவே இவ்வாதத்தில் எழாமற் போகின்றது என்பதே வருந்தத்தக்கது. விசைப்பலகைக்குரிய வேகமான சுரக்கோவைகளைக் கித்தாரிற் கொண்டுவந்து, ரோனி பாங்ஸின் வாசிப்போடு இழையோடிச் செல்ல அவருக்கு அது ஒரு வழியாயிற்று. கேட்போர் பல இடங்களில் எது விசைப்பலகை எது கித்தார் என்று பிரித்தறிய மாட்டாது திகைப்பர். அதாவது தன்னை மறைத்துக்கொள்வதற்கு அவர் கையாண்ட உத்தியை, அவரை மேடை நடுவே நிறுத்துவதற்கான சான்றாக இரசிகர் காட்டுகின்றனர். அந்நாட்களில் ஹக்கெற் மேடையின் ஒரு பக்கத்திலே கதிரையில் அமர்ந்து, கித்தாரை நோக்கிக் குனிந்தபடி வாசித்தவர். கேப்றியல் விதம்விதமான வேடங்களில் வந்து சபையோரின் கண்ணைக் கவர்ந்துகொண்டிருக்க, இவர் இருக்குமிடம் தெரியாமல் இருந்தார். அந்த ஒடுக்கத்தின் அழகை உணராதவன் அவர் இசையின் அழகையும் உணரான்.

இனி மூன்றாவது வழக்கு. 2014 இல் ஜெனிசிஸ் பற்றிப் பி.பி.சி. தொலைக்காட்சி விவரணப் படமொன்றை ஒளிபரப்பிற்று. பிற உறுப்பினரின் தனி வாழ்வை விரித்துப் பேசிய அப்படம் ஹக்கெற்றின் தனிப் படைப்புகளைப் புறக்கணித்துவிட்டது. அவரே அதனை வெளிப்படையாகக் கண்டித்தார். கண்டித்தது நியாயமே. இரசிகர்களும் கொதித்தெழுந்தனர். அக்கொதிப்பை எங்ஙனம் மதிப்பிடுவது? அதற்கு முந்திய ஆண்டிலேதான் அவர் பழைய ஜெனிசிஸ் பாடல்களை மேடையேற்றும் பயணத்தைத் தொடங்கியிருந்தார். இலண்டன் றோயல் அல்பேட் மண்டபம் முதலாய பேரரங்குகளில் அவருக்காகக் கூட்டம் திரண்டது. அவரது தனிப் படைப்புகளை மட்டும் நம்பி அத்தகைய அரங்குகளை நிரப்ப முடிந்ததில்லை என்பது யாவரும் அறிந்தது. தொலைக்காட்சி நிறுவனம் ஒரு மாலைப் பொழுதிற் செய்ததை இரசிகர்கள் நுழைவுச்சீட்டு வாங்கும் ஒவ்வொரு முறையும் செய்துகொண்டிருக்கின்றனர். முன்னது அநீதி, பின்னது அன்பு என்பது எந்த ஊர் நியாயம்?

ஒன்று உண்மை. இரசிகர் இல்லையேல் ஹக்கெற் இல்லை என்று அவர்தம் சார்பில் வாதிடலாம். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிடவும் இயலாது. 1970களின் பிற்பகுதியில் பங்க் இசை எழுந்தபோது இங்கிலாந்தின் இசைப் பத்திரிகைகள் நீண்ட பாடல்களையும் அவற்றை வாசித்தோரையும் எள்ளி நகையாடின. நிமிடக் கணக்கைப் பார்த்து இசையை எடைபோட்ட அந்த விமர்சகர்களும் செவியாற் கேட்டவர்கள் அல்லர். நாகரிகம் மாறியதும் எழுதுகோலை மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள். ஹக்கெற்றின் இரசிகரோ மாறவில்லை. எள்ளலைச் சுமந்துகொண்டு பழைய தட்டுகளைப் பேணினர். சிறு மண்டபங்களுக்கும் போயினர். அந்த விசுவாசம் மதிக்கத்தக்கது. எனினும் காத்தவன் உரிமையாளன் ஆகிவிடுவதில்லை. வங்கியில் வைத்த நகையை வங்கிக்காரன் அணிந்துகொண்டு வீதிவலம் வர முடியாது.

ஹக்கெற் தாமே விரும்பித்தான் பழைய பாடல்களை வாசிக்கின்றார். இதில் இரசிகரைக் குறைகூறுவானேன் என்பது மற்றொரு வாதம். அவர் விரும்புகின்றார் என்பதை மறுக்க வேண்டியதில்லை. 2012 இல் அப்பாடல்களை மீண்டும் பதிவு செய்தபோது அவற்றில் அவர் காட்டிய கவனம் போலியானதன்று. ஆனால் விருப்பம் என்பது வெற்றிடத்திற் பிறப்பதில்லை. இசை ஒரு தொழில். ஒலிப்பதிவுக்கும் வாத்தியக்காரருக்கும் பிரயாணத்துக்கும் பணம் வேண்டும். எதற்குக் கூட்டம் வருகின்றதோ அதனையே நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் கேட்பர். எழுபதைக் கடந்த கலைஞர் ஒருவரின் விருப்பத்தில் அவர் விருப்பம் எவ்வளவு, சந்தையின் விருப்பம் எவ்வளவு என்று பகுத்துக் காண்பது கலைப்பீட மாணவர் முன்னுள்ள கேள்வித்தாள்களை விடக் கடினமானது. இரசிகர் சந்தைக்கு வெளியே நிற்கும் அடியார்கள் அல்லர், சந்தையே அவர்கள்தான்.

இவ்வளவும் கூறிய பின், அவர்கள் இழந்துகொண்டிருப்பது யாது என்பதையும் கூறவேண்டும். 1972 இன் ‘ஃபொக்ஸ்ரொட்’ இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் ‘ஹொறைசன்ஸ்’ என்னும் தனிக் கித்தார் உருப்படியோடு தொடங்குகின்றது. பாக்கின் முதலாவது செலோ தொகுதியின் முகவுரையிலிருந்து ஊக்கம் பெற்று ஹக்கெற் ஆக்கியது அது. இரண்டு நிமிடமும் நீளாது. அதனைத் தொடர்ந்து வருவது ‘சப்பேர்ஸ் றெடி’. இருபத்து மூன்று நிமிடம். கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரிப்பது பின்னதற்கு. முன்னதை அதற்கான வாசற்படியாகவே பலர் மிதித்துச் செல்கின்றனர். ஆனால் ஹக்கெற்றின் பிற்கால வழி அந்த வாசற்படியிலிருந்தே பிரிந்து சென்றது. முறைப்படி ஆசிரியரிடம் பயிலாத அவர் செகோவியாவின் இசைத்தட்டுகளைக் கேட்டுச் செவ்வியற் கித்தாரைத் தாமாகவே கற்றவர். 1983 இல் ‘பே ஒஃப் கிங்ஸ்’ என்னும் தட்டை முழுக்க நைலோன் தந்திக் கித்தாரில் வாசித்தார். அதுவரை அவர் தட்டுகளை வெளியிட்ட நிறுவனம் அதனை ஏற்காது விட்டது. வேறொரு சிறு நிறுவனமே வெளியிட்டது. தொடர்ந்து 1988 இல் ‘மொமென்ரம்’, 1997 இல் றோயல் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவுடன் ஷேக்ஸ்பியரின் நடுவேனிற் கனவு நாடகத்தைத் தழுவிய தட்டு, 2005 இல் ‘மெற்றமோர்ஃபியஸ்’, 2021 இல் ‘அண்டர் எ மெடிற்றெறேனியன் ஸ்கை’ என இவ்வழி நீண்டுள்ளது. மின்சாரத்தின் துணையின்றி, மீட்டிய சுரம் தேய்ந்துபோவதையே அழகாக்க வேண்டிய இடம் இது. மின்கித்தாரில் ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்று தேடிய மனிதர், நைலோன் தந்தியில் அது எவ்வாறு இறக்கின்றது என்று கேட்கின்றார். இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் கேட்பவனுக்கே ஹக்கெற் முழுமையாகக் கிடைப்பார். இரசிகர் மன்றத்து விவாதங்களில் இத்தட்டுகள் சேகரிப்போருக்குரிய அரும்பொருளாகப் பேசப்படுகின்றன. இசையாகப் பேசப்படுவது அரிது.

1979 இன் ‘ஸ்பெக்றல் மோர்னிங்ஸ்’ மட்டும் விதிவிலக்கு எனலாம். ஆனால் அதுவும் இப்போது ஆண்டுவிழா கொண்டாடப்படும் பழம்பொருளாகிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். இரசிகருக்குத் தேவைப்படுவது குறித்த ஒரு குழுவன்று. குறித்த ஒரு காலம், இன்னும் சரியாகச் சொல்வதாயின் அக்காலத்தில் தாம் இருந்த வயது. அக்காலத்தில் பிறந்தேயிராத இளைஞரும் அதே ஏக்கத்தை இரவல் வாங்கிப் பேசுவது இன்னும் விநோதம்.

ஹக்கெற்றின் அண்மைக்காலப் பயணங்களை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். 2019 இல் ‘செல்லிங் இங்கிலாந்து’ தட்டு முழுவதும்; 2021, 2022 ஆம் ஆண்டுகளில் 1977 இன் ‘செக்கன்ட்ஸ் அவுட்’ முழுவதும்; பின்னர் ‘ஃபொக்ஸ்ரொட்’டின் ஐம்பதாண்டு நிறைவு. 2024 இல் அவர் ‘த சேர்க்கஸ் அன்ட் த நைற்வேல்’ என்னும் புதிய தட்டை வெளியிட்டார். இலண்டனிற் பிறந்த ஓர் இளைஞனின் கதையைத் தொடர்ந்து சொல்லும் அத்தட்டு, பெருமளவு அவரது சொந்த வாழ்வின் சாயலைக் கொண்டது. அவ்வாண்டில் அவர் மேற்கொண்ட பயணத்துக்கு இடப்பட்ட பெயரில் முதலில் வந்தவை ஜெனிசிஸின் சிறந்த பாடல்கள். அடுத்து வந்தவை 1974 இன் ‘லாம்’ தட்டின் பகுதிகள். அவரது தனிப் படைப்பு என்னும் சொல் அப்பெயரின் கடைசியில் நின்றது. நுழைவுச்சீட்டுகள் விற்றுத் தீர்ந்தன.