ஊர் விட்டால் உரிமை போகுமா?

"ஒரே நாடு, ஒரே ரேஷன் கார்டு" என்று ஆட்சியாளர்கள் முழங்குகிறார்கள். பிழைக்க வந்த நம்மைக் கேட்டால் சொல்வோம்: கார்டு ரயிலேறி வந்தது, உரிமை பாதி வழியில் இறக்கிவிடப்பட்டது!

தோழர்களே! நம் நாட்டில் நலத்திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவையெல்லாம் வீட்டு விலாசத்தைப் பார்த்துப் போடப்பட்டவை. முதலாளிக்கோ ஊர் விட்டு ஊர் வரும் ஆள் வேண்டும். கட்டடம் எழுப்ப, சாலை போட, சாக்கடை அள்ள வெளியூர்க்காரன் வேண்டும். அவன் வயிற்றுக்கு மட்டும் "உன் ஊரில் போய்க் கேள்" என்பதுதான் கொள்கையா?

இதன் விளைவை 2020-ல் நாடே பார்த்தது. மார்ச் 24 இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில் நாட்டைப் பூட்டினார்கள். வேலையும் போய், தங்கிய ஊரில் ரேஷனும் இல்லாதவர்கள் குழந்தை குட்டிகளோடு நடந்தார்கள். மே 8 அதிகாலை, அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 தொழிலாளர்கள் மீது சரக்கு ரயில் ஏறியது. எத்தனை பேர் வழியில் மாண்டார்கள் என்று செப்டம்பரில் பாராளுமன்றத்தில் கேட்டபோது, அப்படி ஒரு கணக்கே இல்லை என்றது மத்திய சர்க்கார். ரயில்வே பார்சல் ஆபீசில் ஒரு கூடைக் கருவாட்டுக்கும் ரசீது உண்டு. மனிதனுக்கு இல்லை!

சட்டம் இல்லாமலா? 1979-லேயே வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஐந்து பேரைக் கூட்டி வரும் காண்ட்ராக்டரும் லைசென்ஸ் எடுக்க வேண்டும். போட்டோ ஒட்டிய பாஸ்புக், வழிச்செலவு, இடப்பெயர்வுப் படி தர வேண்டும் என்றது. ஏட்டில் கிடந்த அதை அமல்படுத்தினார்களா? இல்லை. 2020-ல் புதிய தொகுப்புச் சட்டம் கொண்டுவந்து ஐந்தைப் பத்தாக்கினார்கள். இடப்பெயர்வுப் படியை அடியோடு எடுத்தார்கள்.

"இப்போதுதான் எங்கும் ரேஷன் வாங்கலாமே!" என்பார்கள். எதை வாங்கலாம்? 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம், அவ்வளவே. தமிழக சர்க்கார் தன் செலவில் தரும் பருப்பும் பாமாயிலும் எல்லை தாண்டாது. முன்னுரிமையற்ற கார்டுக்கு அரிசியும் தாண்டாது. கார்டே இல்லாதவர் கதை இன்னும் மோசம். 2023-ல் ஈ-ஷ்ரமில் பதிந்தவர்களில் சுமார் 8 கோடி பேருக்கு ரேஷன் கார்டு இல்லாமல் இருந்தது. மூன்று மாதத்தில் கொடு என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 மார்ச்சில் மறுபடியும் கெடு விதிக்க வேண்டி வந்தது. ஒதுக்கீடு நிரம்பிவிட்டதாம்! அந்த ஒதுக்கீடு 2011 தலைக்கணக்கின்படி போட்டது. அதற்குப் பின் பிறந்த குழந்தைக்குப் பசிக்காதா?

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1966-ல் சிவசேனை பிறந்தபோது மும்பையில் "லுங்கிக்காரன்" என்று நம்மை விரட்டினார்கள். இன்று திருப்பூரிலும் கோவையிலும் "வடக்கன்" என்று ஏசுகிற வாய் தமிழ் வாய். இங்கே சாலிலும் பீகார்க்காரனைப் பார்த்து முகம் சுளிக்கிறவர் நம்மில் உண்டு. கூலியைக் குறைப்பவன் காண்ட்ராக்டர். அடுத்த பாயில் படுப்பவன் அல்ல. இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கும் வரை அவனுக்குக் கொண்டாட்டம்.

ஆகவே நாம் கேட்பது:

1. ஒதுக்கீட்டைக் காரணம் காட்டாமல், கார்டில்லாத ஒவ்வொரு தொழிலாளிக்கும் வேலை செய்யும் ஊரிலேயே ரேஷன் கார்டு.

2. 1979 சட்டத்தின் இடப்பெயர்வுப் படி திரும்ப வேண்டும். ஐந்து பேர் வரம்பும் திரும்ப வேண்டும்.

3. வந்தவர், போனவர், வேலையில் இறந்தவர் கணக்கை ஒவ்வொரு மாவட்டத்திலும் லேபர் ஆபீஸ் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இது தர்மம் கேட்பதல்ல. இந்த நகரங்களைக் கட்டியவர்கள் கேட்கும் பாக்கி. மொழி பாராமல் சங்கத்தில் சேருங்கள்; பாக்கியைச் சேர்ந்து வசூலிப்போம்!