நம் வீட்டுப் பந்தி: வியட்நாமின் நொய்யரிசிச் சோறு



மும்பை, டெல்லி, பெங்களூரு போன்ற பட்டணங்களில் நாகாலாந்து, மிசோரம், மேகாலயா மாநிலங்களிலிருந்து வந்த விசுவாசிகள் பலர் நமக்கு அயலாராய் வாழ்கின்றனர். அவர்கள் இல்லங்களில் பன்றி இறைச்சி விருந்தினருக்குப் படைக்கும் உணவு. நம்மில் பலரோ அதைத் தொடுவதில்லை. சிலர் லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தை எண்ணி விலக்குகின்றனர். சிலர் சிறுவயது முதல் பழகாதவர்கள். இவ்விரு சாராரையும் ஒரே பந்தியில் அமர்த்துவது எப்படி? இம்மாத உணவு அதற்கு உதவும்.

இதன் பெயர் 'கோம் தாம்'. வியட்நாமிய மொழியில் 'கோம்' என்பது சோறு. 'தாம்' என்பது நொய். தென் வியட்நாமில் மேகாங் நதியின் கழிமுகம் நெல் விளையும் பூமி. நெல்லை உலர்த்தி அரைக்கும்போது உடைந்த நொய், நல்ல விலை பெறாமல் ஏழைக் குடியானவரின் உணவாயிற்று. பின்பு சைகோன் நகரத் தெருவோரக் கடைகளில், சுட்ட பன்றி இறைச்சியோடு அது பரிமாறப்பட்டது. 1976-இல் ஹோ சி மின் நகரம் எனப் பெயர் மாற்றப்பட்ட அப்பட்டணத்தில், இன்று செல்வந்தரும் ஏழையும் அதை விரும்பி உண்கின்றனர். நொய்க் கஞ்சி குடித்து வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

தேவையான பொருட்கள் (4 பேருக்கு)

இறைச்சிக்கு: அரை அங்குல கனமுள்ள பன்றி இறைச்சித் துண்டுகள் 500 கிராம், பூண்டு 4 பல், சின்ன வெங்காயம் 6, எலுமிச்சைப்புல்லின் வெண்ணிற அடித்தண்டு 2, சர்க்கரை ஒன்றரை மேஜைக்கரண்டி, மீன் சாஸ் 2 மேஜைக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, எண்ணெய் 1 மேஜைக்கரண்டி.

சோற்றுக்கு: பச்சரிசி நொய் 2 கப்.

தொடுகறிக்கு: காரட் 1, சிறிய முள்ளங்கி 1, வினிகர் 3 மேஜைக்கரண்டி, சர்க்கரை 1 மேஜைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி.

மீன் சாஸ் என்பது நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பிட்டுப் பல மாதம் ஊறவைத்து வடித்த நீர். பெரிய பல்பொருள் அங்காடிகளில் கிடைக்கும். கிடைக்காவிடில் சோயா சாஸும் சிறிது உப்பும் சேர்க்கலாம்.

செய்முறை

பூண்டு, வெங்காயம், எலுமிச்சைப்புல் ஆகியவற்றை அரைத்து, மற்றவற்றோடு கலந்து இறைச்சியில் பூசி, குளிர்பதனப் பெட்டியில் 2 மணி நேரம் வையுங்கள். காரட்டையும் முள்ளங்கியையும் தீக்குச்சி போல நறுக்கி, வினிகர், சர்க்கரை, உப்பில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள்.

நொய்யை மெதுவாகக் களைந்து வடித்து, கப் ஒன்றுக்கு ஒன்றேகால் கப் நீர் விட்டுக் கொதித்ததும் மூடி, சிறு தீயில் 12 நிமிடம் வேகவிடுங்கள். அடுப்பை அணைத்த பின் 10 நிமிடம் திறவாதிருங்கள். நீர் மிகுந்தால் குழைந்துவிடும்.

இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவி, மிதமான தீயில் இறைச்சியைப் பக்கத்திற்கு 5 நிமிடம் வாட்டுங்கள். தீ அதிகமானால் சர்க்கரை கருகிவிடும். பன்றி இறைச்சி அரைவேக்காடாய் இருத்தல் ஆகாது. நாடாப்புழு நோய்க்கு அது வழியாகும். நடுவில் வெட்டிப் பார்த்துச் சிவப்பு மறைந்த பின்னரே இறக்குங்கள்.

2 மேஜைக்கரண்டி மீன் சாஸ், அதே அளவு சர்க்கரை, அதே அளவு எலுமிச்சைச்சாறு, 5 மேஜைக்கரண்டி வெந்நீர், நசுக்கிய பூண்டு, நறுக்கிய மிளகாய் கலந்தால் ஊற்றிக்கொள்ளும் சாறு ஆயத்தம். நறுக்கிய வெங்காயத்தாளின்மேல் காய்ந்த எண்ணெயை ஊற்றிச் சோற்றின்மேல் தூவுங்கள்.

பந்தியில்

இவ்வுணவில் சோறு, இறைச்சி, தொடுகறி, சாறு எல்லாம் தனித்தனியே இருக்கும். ஆகையால் பன்றி இறைச்சி உண்ணாதவருக்கு, அதே மசாலாவைக் கோழிக்கறியில் பூசி, வேறு கல்லில் வாட்டி வையுங்கள். எது பன்றி, எது கோழி என்பதைப் பரிமாறுமுன் வெளிப்படையாய்ச் சொல்லுங்கள். ஒருவருடைய மனச்சாட்சியை ஏமாற்றி ஊட்டும் உணவு விருந்தல்ல. இறைச்சி சமைப்பதில்லை என வீட்டு உரிமையாளருக்கு வாக்களித்துக் குடியிருப்போர் அந்த வாக்கைக் காப்பதும் சாட்சியே.

யோப்பாவில் பேதுரு கண்ட தரிசனத்தை (அப்போஸ்தலர் 10) வைத்து, உண்ணலாமா கூடாதா என்றே நாம் தர்க்கிக்கிறோம். பேதுருவோ கொர்நேலியுவின் வீட்டில் நின்று, எந்த மனிதனையும் தீட்டுள்ளவனாக எண்ணலாகாது என்பதே தனக்கு உணர்த்தப்பட்டது என்றார். ரோமர் 14-ஆம் அதிகாரத்தில் பவுலும், உண்பவர் உண்ணாதவரை அற்பமாய் எண்ணாமலும், உண்ணாதவர் உண்பவரைக் குற்றப்படுத்தாமலும் இருக்கவே போதிக்கிறார்.

இம்மாதம் ஓர் அயல் மாநிலக் குடும்பத்தை அழையுங்கள். உண்பவரும் உண்ணாதவரும் அருகருகே அமர்ந்து, ஒரே பானைச் சோற்றைப் பகிரட்டும். கர்த்தர்தாமே உங்கள் பந்தியை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.