இந்தப் பச்சைக்கு யார் கூலி கொடுப்பது?

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் ரோட்டில் நடந்துபோக முடியாது. ஹட்டனில் தொடங்கி கொட்டகலை, பத்தனை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியா வரைக்கும் வேனும் காரும் பஸ்ஸும் சாரிசாரியாக ஊர்ந்துகொண்டிருக்கும். கொழும்பு வெயில் தாங்காதவர்கள் குளிர் தேடி வருகிறார்கள். வரட்டும். மலையும் அருவியும் எல்லோருக்கும் பொது. வந்தவரை வாங்க என்று சொல்லித்தான் எமக்குப் பழக்கம். அவர்களோடு எமக்குச் சண்டை கிடையாது. சண்டை வேறு ஆட்களோடு.

போன வாரம் ஒரு துண்டுப் பிரசுரம் என் கைக்கு வந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் இயற்கையை நேசிப்பவர்கள் எங்கெங்கே வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள். டெவன் அருவி, சென்கிளயார் அருவி, மேல் கொத்மலை நீர்த்தேக்கம், கிரேட் வெஸ்டர்ன் மலை, ரயில் பாதை, தேயிலைத் தொழிற்சாலை என்று எல்லாம் இருக்கிறது. குருவிகளின் பெயர் இருக்கிறது. பூக்களின் பெயர் இருக்கிறது. கொழுந்து எடுக்கும் பெண்களைப் பற்றியும் ஒரு வரி உண்டு. அது குருவிக்கும் பூவுக்கும் நடுவில் வருகிறது. லயத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. படம் பிடித்தவர் எப்படித்தான் கெமராவைத் திருப்பினாரோ, இத்தனை படத்தில் ஒரு தகரக் கூரைகூட விழவில்லை!

தோழர்களே, அந்தப் படங்களில் இருக்கும் பச்சை இயற்கை அல்ல. அது எமது வேலை.

தேயிலை செடி இல்லை, மரம். அதன் பாட்டுக்கு விட்டால் இருபது முப்பது அடி வளர்ந்து நிற்கும். அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது கவ்வாத்துக் கத்தி. மலை முழுக்கப் பாய் விரித்த மாதிரி மட்டமாக வைத்திருப்பது மட்டக்கம்பும், அந்தக் கம்புக்கு மேலே ஓடுகிற எங்கள் பெண்களின் விரலும். ஏழெட்டு நாளுக்கு ஒரு தடவை அதே மலைக்குத் திரும்ப ஏறி, அதே நிரையில் நின்று, அதே மரத்தில் கைவைத்தால்தான் அந்தப் பச்சை பச்சையாக இருக்கும். மண் கழுவிப் போகாமல் கான் வெட்டியதும் கல் அடுக்கியதும் எமது தாத்தன் பாட்டன். சந்தேகம் உள்ளவர்கள் கம்பனி கைவிட்ட மலைகளைப் போய்ப் பார்க்கட்டும். சில வருடத்திலேயே காடு ஏறிவிடும். அந்த இடங்களில் எந்த வேனும் நிறுத்திப் படம் எடுப்பதில்லை.

நிஜமான இயற்கையும் எமக்குத் தெரியும். அது அட்டை. அது குளவி. குளவி கொட்டி ஆட்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாத தோட்டம் ஒன்று இருந்தால் சொல்லுங்கள். அது லயத்துக்குப் பின்னால் இரவில் உறுமுகிற சிறுத்தை. இந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டி கொஸ்லந்தைப் பக்கம் போனால் தியலும அருவி இருக்கிறது. 220 மீற்றர் உயரம், மேலே உள்ள தடாகங்களில் குளிக்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். அதே கொஸ்லந்தைப் பகுதியில்தான் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆனால் மாறிப் போக ஆட்களுக்கு ஒரு துண்டுக் காணி கொடுக்கப்படவில்லை. நுவரெலியா, பதுளை மலைச்சரிவுகளில் எத்தனையோ லயங்கள் இன்றும் அப்படித்தான் நிற்கின்றன.

மறுபடி எங்கள் ரோட்டுக்கு வருவோம். டெவன் அருவி என்கிறார்களே, அது அந்தப் பக்கம் கோப்பி போட்ட ஒரு துரையின் பெயர். அந்தக் கோப்பிக் காட்டை வெட்டித் திறந்த, மன்னார்க் கரையிலிருந்து நடந்தே வந்து வழியில் பலர் செத்தும் மிச்சப்பேர் மலை ஏறியுமான கூட்டத்தில் ஒருவர் பெயரும் ஒரு அருவிக்கும் இல்லை. நுவரெலியா சீசன் என்பதும் துரைமார் வைத்துப்போன வழக்கம்தான். அவர்கள் குதிரைப் பந்தயம் பார்க்க மலையேறிய ஏப்ரலில் எமது பாட்டிமார் கூடையோடு நின்றார்கள். மழை விழுந்து கொழுந்து பொங்குகிற மாதம் அது. ஊருக்கு லீவு, எமக்கு மூச்சு விட நேரம் கிடையாது. இன்றைக்கும் அதே கதை.

அடுத்தது சென்கிளயார். எண்பது மீற்றர் உயரம், இலங்கையில் இதைவிட அகலமான அருவி இல்லை என்பார்கள். மேல் கொத்மலைத் திட்டம் வந்தபோது இதற்காகப் போராட்டம் நடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2012இல் திட்டம் ஓடத் தொடங்கியது. 150 மெகாவோட் மின்சாரம். தலவாக்கலையில் ஆற்றை மறித்து, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கத்தால் தண்ணீரைக் கொண்டுபோகிறார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருந்த இடத்தை விட்டுப் பெயர்ந்தன. மின்சாரம் நாட்டுக்கு வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பார்க்க வருபவர்கள் ஏமாந்து போகக்கூடாதென்று அருவிக்குப் பகலில் தண்ணீர் அளந்து திறந்து விடுகிறார்கள். அருவி தினமும் ஓட வேண்டும் என்று உடன்பாடு இருக்கிறது. அந்த ஆற்றங்கரை லயத்துப் பீலியில் தினமும் தண்ணீர் வர வேண்டும் என்று எந்த உடன்பாடாவது இருக்கிறதா? வறட்சியில் குடத்தோடு வரிசையில் நிற்கிற பிள்ளைகளைக் கேளுங்கள்.

இனி மலசலகூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கத்தில் ஆண்கள் பேசக் கூச்சப்படுகிற விஷயம் என்பதால்தான் இவ்வளவு காலமும் பேசாமல் கிடக்கிறது. வியூ பொயின்ட் ஒன்றைத் திறந்தால் முதல் வேலையாக டைல் பதித்த மலசலகூடம் கட்டுகிறார்கள். நல்ல காரியம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் காலை ஏழரைக்கு மலையேறிய பெண் நாலரை மணிவரைக்கும் நிற்கிறாள். அவளுக்கு என்ன இருக்கிறது? பற்றை இருக்கிறது, கான் இருக்கிறது. அதனால் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிறார்கள். மாதவிலக்கு நாளில் பாதி நாளோடு இறங்கி வந்தால் அரைப்பேர். பத்து நிமிடம் நின்று போகிறவருக்கு இருக்கிற மரியாதை, நாற்பது வருடம் நிற்கிறவளுக்கு இல்லை. இதில் இன்னொரு கொடுமை, முன்பு கான் ஒரு மறைவாவது தந்தது. இப்போது ரோட்டோர மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஃபோனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

படம் எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில இடங்களில் ரோட்டோர நிரைக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு வரும்படி சொல்லி அக்காமாரை நிறுத்துவதாகக் கேள்விப்படுகிறோம். படங்கும் தலைத்துண்டும் அழகாக இல்லையாம். வெள்ளைக்காரர் நூறோ இருநூறோ கொடுத்தால் வாங்குவது அவரவர் இஷ்டம். வாங்குகிறவரைக் குறை சொல்ல நான் ஆள் இல்லை. சிரித்து நிற்பதும் வேலை என்றால் அதற்குப் பேர் போட வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

றம்பொடைப் பக்க வளைவுகளில் பூங்கொத்தோடு வண்டிக்குப் பின்னால் குறுக்குப் பாதையில் விழுந்தடித்து ஓடுகிற பிள்ளைகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கெட்டிக்காரப் பையன் என்று கைதட்டி வீடியோ போடுகிறார்கள். தகப்பனுடைய சம்பளம் மாதக் கடைசிவரை வந்தால் அந்தப் பிள்ளை ஏன் ஓடுகிறது? ரோடும் அப்படித்தான். கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த பாடசாலை பஸ் ஒன்று 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் மோதியபோது செத்த 7 பேரும் எதிரே வேனிலும் ஓட்டோவிலும் வந்தவர்கள். எத்தனையோ இடங்களில் பிரட்டுக்களத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நாம் நடக்கிற ரோட்டுக்கு நடைபாதை என்ற ஒன்றே கிடையாது.

இப்போது கணக்குக்கு வருவோம்.

2024இல் சம்பளச் சபை மூலம் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அதைக் கொடுக்கவே எத்தனை இழுபறி, எத்தனை வழக்கு! ஒவ்வொரு தடவையும் கம்பனிகள் ஒரே பல்லவிதான் பாடுகின்றன: தேயிலை நட்டம், உற்பத்திச் செலவு கூட, ஏலத்தில் விலை இல்லை. சரி, தேயிலைக் கணக்கைக் காட்டுகிறீர்கள். பங்களாக் கணக்கு எங்கே? துரைமார் இருந்த பங்களாக்களைத் திருத்தி ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். சிலவற்றில் ஓர் இரவு வாடகை எங்கள் ஆளின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். அந்த வியாபாரம் பல இடங்களில் வேறு பெயரில், வேறு கம்பனியாக நடக்கிறது. அந்த இலாபம் சம்பளப் பேச்சு மேசைக்கு வருவதே இல்லை. நட்டம் எமக்கு முன்னால் வருகிறது, இலாபம் பின்கதவால் போகிறது.

அந்த ஹோட்டல் எதை விற்கிறது? கட்டிலையும் சோற்றையும் கொழும்பிலும் வாங்கலாம். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மலையை விற்கிறது. அந்த மலையை அப்படி வைத்திருப்பது யார் என்று மேலே சொல்லிவிட்டேன். ஹோட்டல் பில்லில் நூற்றுக்குப் பத்து சேவைக் கட்டணம் சேர்க்கிறார்கள். அது கோப்பை கழுவுகிறவர்வரை பங்காகப் போக வேண்டிய காசு, அதுதான் நியாயம். ஜன்னலுக்கு வெளியே சேவை செய்கிறவருக்கு மட்டும் பங்கு எதற்கு இல்லை? மண்ணும் கம்பனிக்குச் சொந்தமில்லை. தொண்ணூறுகளில் 53 வருடக் குத்தகைக்கு எடுத்த அரசாங்கக் காணி. குத்தகைக்காரன் காட்சியை விற்கலாம், அதை உண்டாக்கியவன் கேட்கக்கூடாது என்றால் அது எந்த ஊர் நீதி?

எமது ஆட்களிலேயே சிலர் கேட்கிறார்கள்: டூரிஸ்ட் வருவதால்தானே பையன்களுக்கு ஹோட்டலில் வேலை, இதையும் கெடுக்காதீர்கள் என்று. கெடுக்கச் சொல்லவில்லை, தம்பிமாரே. கிடைக்கிற வேலை என்ன என்று பாருங்கள். சீசனுக்கு இரண்டு மாதம் கூப்பிடுவார்கள். பெட்டி தூக்கலாம், புல் வெட்டலாம். ஈ.பி.எவ். பிடிக்கிறார்களா என்று கேட்டால் அடுத்த நாள் வரவேண்டாம். சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்றால் காணி இல்லை. எனக்குத் தெரிந்த தோட்டம் ஒன்றில் வாலிபர் இருவர் ரோட்டோரத்தில் தகரம் அடித்து பிளேன்டீயும் வடையும் போட்டார்கள். வியாபாரம் நன்றாகவே நடந்தது. மூன்றாம் கிழமை, தோட்டக் காணியில் அனுமதியில்லாக் கட்டடம் என்று கழற்ற வைத்தார்கள். ஆறு மாதத்தில் அதே இடத்தில் வெளியாள் ஒருவருக்குக் கடை! அந்தப் பையன்களில் ஒருவன் இப்போது கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிறான். அவன் பிறந்த மலையைப் பார்க்கக் கொழும்பான் இங்கே வருகிறான்.

இதில் சங்கங்களுக்கும் குற்றம் உண்டு. எமது சங்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கிலோவையும் கைக்காசையும் பற்றிப் பேசிப் பேசி, கண்ணுக்கு முன்னால் வளர்ந்த இன்னொரு வியாபாரத்தை விட்டுவிட்டோம். கூட்டு ஒப்பந்தம் இருந்த காலத்தில் தேயிலைக்கு வெளியேயான வருமானத்தைக் கணக்கில் காட்டு என்று ஒரு வாசகம் போட வைத்திருக்கலாம். போடவில்லை. இனியாவது அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகிறவர்கள் பங்களா, வியூ பொயின்ட், தொழிற்சாலை டிக்கட், குத்தகைக் கடை எல்லாவற்றின் கணக்கையும் கேட்காமல் மேசையில் உட்காரக்கூடாது. அந்த வருமானத்தில் ஒரு பங்கு தோட்ட மக்களுடைய நிதிக்கு வர வேண்டும். அதைத் துரை அல்ல, தொழிலாளர் தெரிவு செய்தவர்கள் நிர்வகிக்க வேண்டும். ரோட்டோரக் காணியில் கடை போடும் முதல் உரிமை அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கு, அதுவும் எழுத்தில். மலசலகூடத்துக்குச் சம்பளப் பேச்சுவரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை; ஒவ்வொரு மலைக்கும் ஒன்று, தண்ணீரோடு, இந்த வருடமே.

கையில் விபரம் இல்லாமல் போய்க் கத்தினால் சிரிப்பார்கள். ஆகவே தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் இந்த மாதம் ஒரு காரியம் செய்ய வேண்டும். உங்கள் தோட்டக் காணியில் எத்தனை பங்களா வாடகைக்குப் போகிறது, எத்தனை கடை, அதில் எத்தனை வெளியாளுக்கு, நுழைவு டிக்கட் எவ்வளவு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எத்தனை வண்டி நிற்கிறது, எமது ஆட்கள் எத்தனைபேர் அங்கே வேலை, ஈ.பி.எவ். உண்டா, அந்த இடத்துக்கு மிகக் கிட்டிய கொழுந்து மலையில் பெண்களுக்கு மலசலகூடம் உண்டா என்று ஒரு தாளில் எழுதுங்கள். எண்ணுவதற்கு வாலிபர்களை ரோட்டில் நிறுத்துங்கள். சும்மா நின்று வேடிக்கை பார்ப்பதற்கு அது பரவாயில்லை. மே தினத்துக்கு வரும்போது அந்தத் தாளைக் கையோடு கொண்டுவந்து மாவட்டக் காரியாலயத்தில் கொடுங்கள்.