கண் பரிசோதனைத் துண்டு கண்ணாடியாக மாற வேண்டும்



நிலாவெளி, இறக்கக்கண்டி, இக்பால் நகர், கோபாலபுரம் பகுதிப் பெற்றோருக்கும், பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர்களுக்கும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

நமது வகுப்பறைகளில் கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் எந்தப் பிள்ளையும் வந்து "சேர், எனக்குக் கண் தெரியவில்லை" என்று சொல்லாது. எல்லாருக்கும் அப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்றுதான் அது நினைத்துக்கொண்டிருக்கும். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும். கண்ணைச் சுருக்கும். தலையிடி என்று சொல்லும். நாம் அதற்குக் "கவனமில்லாத பிள்ளை" என்று பெயர் வைத்து விடுகிறோம்.

நமது நாட்டில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை இலவசமாக நடக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பாடசாலைக்கு வந்து கண் பார்வையையும் பார்க்கிறார். 200 பேருக்கு மேல் படிக்கும் பாடசாலைகளில் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கும், சிறிய பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது நடக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, இடைப்பட்ட வருடங்கள். கிட்டப்பார்வை பெரும்பாலும் பாடசாலை வயதில்தான் தொடங்கிக் கூடுகிறது. தரம் 4இல் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்குத் தரம் 5இல் மங்கத் தொடங்கினால், அடுத்த பரிசோதனை தரம் 7இல்தான். புலமைப்பரிசில் வகுப்பு முழுவதும் பாதிப் பார்வையோடு போய்விடும். பிள்ளையை மாலை வகுப்புக்கு அனுப்பிக் காசு கட்டுகிறோம், பலகை தெரிகிறதா என்று கேட்பதில்லை.

இரண்டாவது ஓட்டைதான் பெரியது. பார்வை குறைவு என்று தெரிந்தால் ஒரு துண்டு எழுதித் தருகிறார்கள். அதோடு திருகோணமலை வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்குப் போக வேண்டும். சிறு பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டியிருப்பதால் ஒரு நாள் முழுக்கப் போகலாம், இன்னொரு நாளும் வரச் சொல்லலாம். வாப்பா கடலுக்குப் போகிறவர், அல்லது வெங்காயத் தோட்டத்தில் கூலி. ஒரு நாள் போனால் அன்றைய அடுப்பு எரியாது. உம்மாவுக்குக் கையில் இன்னும் இரண்டு சிறுசுகள். பரிசோதனை இலவசம்தான், ஆனால் கண்ணாடியை அநேகமாக வெளியில்தான் வாங்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விலை எப்படி என்று உங்களுக்கே தெரியும். கடைசியில் துண்டு புத்தகப் பைக்குள்ளேயே கிழிந்து போகிறது.

இது நமக்கு மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. மேற்குச் சீனாவின் கிராமப்புறங்களில் 250க்கு மேற்பட்ட ஆரம்பப் பாடசாலைகளில் ஓர் ஆய்வு நடந்து 2014இல் வெளியானது. கண்ணாடி தேவைப்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ ஏழில் ஒருவர்தான் அணிந்திருந்தார். இலவசமாகக் கண்ணாடி கொடுத்தபோது அந்த வருடமே கணிதப் புள்ளிகள் கூடின. தமிழ்நாட்டில் 2009இல் 'கண்ணொளி காப்போம்' திட்டம் தொடங்கிப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனையும் கண்ணாடியும் இலவசமாகக் கொடுத்தார்கள். இரண்டிலும் பரிசோதித்துத் துண்டு கொடுத்ததோடு நிற்கவில்லை, கண்ணாடி பிள்ளையின் கைக்கு வந்தது.

நாம் என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுபவை:

1. ஒவ்வொரு வருடமும் முதலாம் தவணையில் ஆசிரியர்களே எல்லா வகுப்புக்கும் ஆரம்பப் பரிசோதனை செய்யலாம். ஓர் எழுத்து அட்டையும் 6 மீற்றர் இடமும் போதும். ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் வாசிக்கச் சொல்ல வேண்டும். எழுத்துத் தெரியாத சின்னவர்களுக்கு 'ஈ' அட்டை இருக்கிறது, விரலால் திசை காட்டினால் சரி. குச்சவெளி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் ஒரு நாள் பயிற்சி கேட்போம்.

2. துண்டு கிடைத்த பிள்ளைகளின் பட்டியலைப் பாடசாலை வைத்திருக்க வேண்டும். யார் போனார், யார் போகவில்லை என்று மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும்.

3. தனித்தனியாக பஸ் ஏறுவதற்குப் பதிலாக, கிளினிக்கில் முன்கூட்டியே பேசி ஒரே நாளில் ஒரு வேனில் எல்லாரையும் கூட்டிப் போகலாம். ஒரு ஆசிரியரும் இரண்டு தாய்மாரும் போனால் மற்றவர்கள் தொழிலுக்குப் போகலாம். வருடத்தில் ஒரு தடவை கண் குழுவை நிலாவெளி வைத்தியசாலைக்கே வரச் சொல்லியும் கேட்கலாம்.

4. கண்ணாடிச் செலவுக்கு ஒரு ஸதகா நிதி. வெளிநாட்டில் இருக்கும் நம் சகோதரர்களும், ஹோட்டல் தொழிலில் இருப்பவர்களும் மனம் வைத்தால் இது பெரிய தொகை அல்ல. இந்த நிதியில் இனம் பார்க்கக் கூடாது. கோபாலபுரத்துப் பிள்ளையின் கண்ணும் கண்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கண்ணாடி போட்டால் பார்வை இன்னும் கெட்டுவிடும் என்பது தவறு. பவர் கூடுவது பிள்ளை வளர்வதால், கண்ணாடியால் அல்ல. "பொம்புளப் புள்ள கண்ணாடி போட்டா மாப்பிள்ளை வராது" என்று சொல்லிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஒரு கண் மட்டும் பலவீனமாக இருந்து, ஏழெட்டு வயதுக்குள் கவனிக்காமல் விட்டால், பிறகு கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணில் முழுப் பார்வை வருவது கஷ்டம். தரம் 1 பிள்ளையின் துண்டை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடவே கூடாது.

கண் அல்லாஹ் தந்த அமானிதம். பள்ளிவாசல் நிர்வாகமும் பாடசாலைகளும் அடுத்த தவணை தொடங்குவதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால், இன்ஷா அல்லாஹ், இந்த வருடமே தொடங்கலாம். அட்டை பிடித்துப் பிள்ளைகளைப் பரிசோதிக்க நான் தயார். வேன் தரக்கூடியவர்கள், நிதிக்குப் பொறுப்பெடுக்கக் கூடியவர்கள் முன்வாருங்கள்.