நாவும் கையும்

வலியார் முன் எளியார் நிற்றல் அரிது என்பது உலகோர் கூற்று. வாணிக உலகில் இக்கூற்று பெரும்பாலும் மெய்யாதலைக் காண்கின்றோம். பெருமுதல் கொண்ட நிறுவனமொன்று அயல்நாட்டில் கால் வைத்தால், அங்குள்ள சிறு கடைகள் நிலைகுலைகின்றன. ஆயினும் இதற்கு விலக்காக நின்ற வரலாறும் உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டு விரைவுணவுத் தொழிலில் நிகழ்ந்த போட்டி அத்தகையது.

விரைவுணவு என்பது வெறும் உணவன்று; அஃது ஒரு முறை. 1948ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் மெக்டொனால்டு உடன்பிறந்தார் இருவர் தம் உணவகத்தின் பட்டியலைச் சுருக்கினர். சமையலறையைத் தொழிற்சாலைபோற் பகுத்தனர். ஒருவர்க்கு ஒரு பணி என வகுத்தனர். பரிமாறுவோர் இல்லை, கழுவும் தட்டுகள் இல்லை, ஹாம்பர்கரின் விலையோ 15 சென்ட். 1955 முதல் ரே கிராக் என்பார் இம்முறையைப் பிறர்க்கு உரிமம் வழங்கும் பெருவாணிகமாக விரித்தார். எங்குச் சென்றாலும் ஒரே சுவை, ஒரே அளவு, ஒரே விரைவு என்பதே அதன் வலிமை.

இவ்வலிமையுடன் மெக்டொனால்ட்ஸ் 1981இல் பிலிப்பைன்ஸ் நாட்டினுள் புகுந்தது. அங்கே அதனை எதிர்கொண்டது ஜாலிபீ என்னும் இளம் நிறுவனம். சீனத்திலிருந்து குடியேறிய எளிய குடும்பத்தில் பிறந்த டோனி டான் காக்தியோங் 1975இல் ஓர் ஐஸ்கிரீம் கடையைத் தொடங்கினார். வருவோர் குளிர்ந்த பண்டத்தினும் சூடான உணவையே மிகுதியும் விரும்புதலைக் கண்டு, 1978இல் அதனை விரைவுணவகமாக மாற்றினார்.

அவர் போட்டியாளரின் முறையைக் கைக்கொண்டார், சுவையைக் கைக்கொண்டிலர். தம் மக்களின் நா இனிப்பை விரும்பும். அவர்தம் உணவில் சோறு தவறாது இடம்பெறும். ஆதலின் அவர் கடையில் ஸ்பகெட்டியும் இனிப்புச் சாற்றுடன் வந்தது. பொரித்த கோழிக்குத் துணையாகச் சோறு வந்தது. பின்னர் மெக்டொனால்ட்ஸும் அந்நாட்டில் கோழியையும் சோற்றையும் தன் பட்டியலிற் சேர்க்க நேர்ந்தது. ஒரே சுவை என்னும் கொள்கை அங்கே வளைந்து கொடுத்ததை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வெற்றி நாட்டுப்பற்றால் விளைந்தது என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பற்று ஒருமுறை கடைக்குள் அழைத்து வரும். மறுமுறையும் அழைத்து வருவன சுவையும் தூய்மையும் தக்க விலையுமே. முறையைப் பிறரிடம் கற்கலாம். நம் மக்களின் நாவை நாமே அறிதல் வேண்டும். முதலில் தாழ்ந்தவன் போட்டியில் நிலைபெறும் வழி இஃதே.

எனினும் புகழுரையோடு நின்றுவிடுதல் நடுவுநிலை ஆகாது. ஒருவர்க்கு ஒரு பணி என்னும் முறையில் மறைந்துள்ள தீங்கொன்று உண்டு. சில நாளில் கற்கத்தக்க பணிக்குச் சில நாளில் ஆளை மாற்றலாம். ஆதலின் விலைப்போட்டியின் சுமை இறுதியில் உழைப்பவன் தோளில் இறங்குகின்றது. 2018இல் பிலிப்பைன்ஸ் தொழிலாளர் துறை, ஒப்பந்தக்காரர் வழியே ஜாலிபீயில் பணிபுரிந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை நிரந்தரப் பணியாளராக்குமாறு ஆணையிட்டது. சட்ட நுணுக்கங்கள் ஒருபுறம் நிற்க, உண்பவனின் நாவை அத்துணை நுட்பமாக அறிந்த நிறுவனம், சமைப்பவனின் கையை அறிந்ததா என்னும் வினா எழுகின்றதன்றோ?

அளவையில் குறைவு செய்வோரைத் திருக்குர்ஆன் கடிந்துரைக்கின்றது. நடுவுநிலைமையை வாணிகர்க்கும் உரிய அறமாக வள்ளுவம் வகுக்கின்றது. அளவை என்பது தராசுத் தட்டு மட்டுமன்று. உழைப்புக்கு ஈடான ஊதியமும், நாளைக்கும் பணி உண்டு என்னும் உறுதியும் அளவையே என்பது நம் கருத்து.

ஜாலிபீயின் சின்னம் தேனீ. பூவுக்குப் பூ பறந்து உழைக்கும் அச்சிற்றுயிர் தான் சேர்த்த தேனில் தானும் உண்டு வாழ்கின்றது. நாளை தொழில் நடத்தவிருக்கும் மாணவச் செல்வங்கள் பெருநிறுவனங்களைக் கண்டு அஞ்ச வேண்டா. நாவை அறிந்தால் போட்டியில் வெல்லலாம். கையையும் மதித்தால்தான் அவ்வெற்றி அறத்தின்பாற்பட்டதாகும்.