வேலிக்குள் மாய்ந்த பூச்சி

இங்கிலாந்தின் 'பெரு நீல' வண்ணத்துப் பூச்சியின் சரித்திரம் விசித்திரமானது. அதன் புழு சில வாரம் தைம் என்னும் செடியின் பூவைத் தின்று, பின் தரையில் விழும். சிவப்பெறும்பு ஒன்று தன் குஞ்சென்று மயங்கி அதைப் புற்றுக்குத் தூக்கிப் போகும். அங்கே இந்தச் செல்வப் பிள்ளை எறும்புக் குஞ்சுகளையே தின்று கொழுக்கும்! நல்ல நன்றி!

பூச்சி பிடிப்போர் வராதபடி ஓரிடத்தில் வேலி கட்டினார்கள். நாமாயிருந்தாலும் அதையே செய்திருப்போம். மாடுகளும் வெளியே நின்றன. புல் ஓங்கி நிலம் குளிர்ந்தது, வெதுவெதுப்பை நாடும் அவ்வெறும்பு போயிற்று, பூச்சியும் போயிற்று. 1950-களில் முயல்கள் கொள்ளைநோயில் மடிந்தபின் மற்ற இடங்களிலும் அதே கதி. ஜெரமி தாமஸ் என்ற நிபுணர் காரணத்தைக் கண்டறிந்தும், 1979-இல் அவ்வினம் அங்கே அற்றுப்போயிற்று. 1983-இல் ஸ்வீடன் புழுக்களைக் கொணர்ந்தவர்கள், மேய்ச்சலுக்கு முதலில் வழி செய்தார்கள்.